மாத்திரையும் மெமோவும்: தொழிலாளர் சட்டம், வாசகர் கேள்வி-பதில்

அண்மைக் காலமாக இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில், நோயைப் பற்றிய புகாரைவிட நோய்க்குச் சாப்பிடும் மருந்தைப் பற்றிய புகார்தான் மேலோங்கி நிற்கிறது. "நோய் கட்டுக்குள் இருக்கிறது, மருந்துதான் வேலை செய்ய விடவில்லை, அலுவலகத்தில் யாரும் நம்பவில்லை" என்பது அவற்றின் சாரம். அவற்றில் ஆறு கடிதங்களை, எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி, சுருக்கி இங்கே தருகிறேன். வாசகர்கள் வெவ்வேறு நாடுகளில் வேலை பார்க்கிறவர்கள் என்பதால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு தமக்குப் பொருந்தும் என்பதை அவரவர் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடமோ தொழிற்சங்கத்திடமோ கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: உலோகத் தகடுகளை வெட்டி அழுத்தும் இயந்திரத்தில் 14 வருடமாக ஆபரேட்டராக இருக்கிறேன். எனக்கு வலிப்பு நோய் உண்டு. இதை அலுவலகத்தில் சொன்னதில்லை. மூன்று மாதங்களுக்கு முன் டாக்டர் கார்பமசெபின் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அதிலிருந்து காலை ஷிப்டின் முதல் சில மணி நேரம் தலை சுற்றுகிறது. சில சமயம் ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது. இரண்டு முறை இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். இரண்டு முறையும் மெமோ வந்தது. இரண்டாவது மெமோவில் "பணி நேரத்தில் உறங்கியது, கவனக்குறைவு" என்று எழுதி, ஏழு நாளுக்குள் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வேலையை விட்டு அனுப்ப முடியுமா? விளக்கத்தில் என்ன எழுதுவது?

பதில்: இன்றிலிருந்து தொடங்குவோம். தலை சுற்றும் நேரத்தில் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நிற்காதீர்கள். நீங்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்தது குற்றமல்ல. அந்த நிலையில் செய்ய வேண்டியதும் அதுதான். உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருக்கிறது என்று நியாயமான காரணத்தோடு நம்பி வேலையிலிருந்து விலகும் தொழிலாளி அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டின் 155ஆம் உடன்படிக்கை, 13ஆம் பிரிவில் சொல்கிறது. பணியிடப் பாதுகாப்புக்கான அந்த உடன்படிக்கை 2022இலிருந்து அவ்வமைப்பின் அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாகவும் வைக்கப்பட்டிருக்கிறது. உங்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை: மெமோவுக்குப் பயந்து மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரும் நிலை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

மருத்துவரிடம் போகும்போது "தலை சுற்றுகிறது" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குச் சுற்றல், எத்தனை மணிக்குத் தெளிவு என்று ஒரு வாரத்துக்குக் குறித்து எடுத்துச் செல்லுங்கள். கார்பமசெபினில் மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் வகை மாத்திரை இருக்கிறது. ஒரு நாளின் அளவைப் பிரித்துத் தருவதும் உண்டு. அந்தத் தாளைப் பார்த்தால்தான் அவரால் எது பொருந்தும் என்று முடிவு செய்ய முடியும். அதே தாள் பிறகு விசாரணையில் உங்களுக்கு ஆவணமாகவும் பயன்படும்.

இனிச் சட்டம். மருந்தின் பக்கவிளைவை, மருந்து எந்த நோய்க்காகச் சாப்பிடப்படுகிறதோ அந்த நோயிலிருந்து பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதுதான் பல நாட்டுச் சட்டங்கள் வந்து சேர்ந்திருக்கும் இடம். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் திருத்தப்பட்டபோது, ஒருவருக்குக் குறைபாடு இருக்கிறதா என்பதை மருந்து தரும் நன்மையைக் கணக்கில் எடுக்காமல் முடிவு செய்ய வேண்டும் என்று ஆயிற்று. ஆனால் மருந்து செய்யும் தீமையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று அதன் விதிகள் கூறுகின்றன. அதாவது மாத்திரையால் வலிப்பு வராமல் இருப்பதை உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாது. மாத்திரையால் தலை சுற்றுவதை நீங்கள் உங்களுக்கு ஆதரவாகக் காட்டலாம். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமும் சிகிச்சை இல்லாதிருந்தால் நிலைமை எப்படி இருக்கும் என்றுதான் பார்க்கச் சொல்கிறது. அதன் 15ஆம் பிரிவு, குறைபாட்டின் விளைவாக எழும் ஏதேனும் ஒன்றுக்காகத் தொழிலாளியைப் பாதகமாக நடத்துவதையும், அதற்குத் தக்க நியாயத்தை முதலாளி காட்டாதவரை, பாகுபாடாகவே கருதுகிறது; சிகிச்சையால் வரும் தூக்கக் கலக்கத்தை அதன் கீழ்க் கொண்டுவர முடியும். ஐக்கிய நாடுகள் அவை 2006இல் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நியாயமான மாற்றேற்பாட்டை, அதாவது குறைபாடு உள்ளவருக்கு ஏற்பப் பணியில் செய்துதரும் மாற்றத்தை, செய்ய மறுப்பதே பாகுபாடு என்று 2ஆம் பிரிவில் வரையறுக்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதே சொல்லை ஏற்றுக்கொண்டது. ஆனால் அங்கே 21 வகைக் குறைபாடுகளின் பட்டியல் ஒன்று இருப்பதாலும், சில கடமைகள் அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே நேரடியாக விதிக்கப்பட்டிருப்பதாலும், பட்டியலில் பெயர் சொல்லப்படாத நோய் உள்ளவர் தனியார் நிறுவனத்தோடு வாதாட வேண்டிய தூரம் அதிகம்.

எல்லாப் பக்கவிளைவுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. சளிக்கு மூன்று நாள் மாத்திரை சாப்பிட்டுத் தூங்கி வழிகிறவருக்கு விடுப்புதான் வழி. பிரிட்டன் சட்டம் கேட்பது 12 மாதம் நீடித்த அல்லது நீடிக்கக்கூடிய பாதிப்பை. உங்கள் நோய் நீண்டகால நோய் என்பதால் அந்தத் தடை உங்களுக்கு இல்லை.

உங்களுக்கு இருக்கும் தடை வேறு: அலுவலகத்துக்குத் தெரியாது. இப்போது நான் சொன்ன பிரிட்டனின் 15ஆம் பிரிவே, முதலாளிக்கு அந்தக் குறைபாடு தெரியாமலும் தெரிந்திருக்க நியாயமான வாய்ப்பு இல்லாமலும் இருந்தால் பொருந்தாது. அமெரிக்காவிலும் மாற்றேற்பாடு என்பது கேட்ட நாளிலிருந்து முன்னோக்கித்தான். கேட்பதற்கு முன் நடந்த தவறை அழித்துத் தரச் சொல்ல முடியாது. ஆகவே முதல் மெமோ வந்தபோதே நீங்கள் எழுதியிருக்க வேண்டும் என்பதை நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனாலும் இரண்டாவது மெமோ இன்னும் கையில்தான் இருக்கிறது. ஏழு நாளும் முடியவில்லை.

விளக்கக் கடிதங்களை நிறையப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: "தவறுக்கு வருந்துகிறேன், இனி இவ்வாறு நடக்காது" என்று எழுதிவிடாதீர்கள். சூப்பர்வைசரே பரிவோடு இந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுப்பார். பிரச்சினை முடிந்துவிடும் என்பார். ஆறு மாதம் கழித்து விசாரணை அதிகாரி கோப்பைத் திறந்து வாசிக்கும் முதல் வாக்கியமும் அதுதான். நீங்கள் தூங்கியதை நீங்களே ஒப்புக்கொண்டதாகவும், இனி நடக்காது என்று உறுதியளித்து மீறியதாகவும் அது மாறிவிடும். அதற்குப் பதில், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: இன்ன தேதியில் இத்தனை மணிக்கு, மருத்துவர் பரிந்துரைத்த மருந்தின் விளைவாகத் தலைச்சுற்றல் ஏற்பட்டதால், விபத்தைத் தவிர்க்க இயந்திரத்தை முறைப்படி நிறுத்திவிட்டு அமர்ந்தேன், உறங்கவில்லை, மருத்துவரின் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது, கீழ்க்காணும் மாற்றேற்பாட்டைக் கோருகிறேன்.

மருத்துவரின் கடிதம் "இவருக்கு ஓய்வு தேவை" என்ற ஒற்றை வரியாக இருந்தால் பயன் குறைவு. இந்த மாதிரியில் இருக்கட்டும்: "இவர் என் தொடர் சிகிச்சையில் இருக்கிறார். மருந்தின் அளவு மாற்றப்பட்டதால், காலை மாத்திரைக்குப் பின் சில மணி நேரம் தலைச்சுற்றலும் பார்வை இரட்டிப்பும் ஏற்படக்கூடும். அந்த நேரத்தில் இயங்கும் இயந்திரத்தை இயக்குவதையும் உயரத்தில் நின்று வேலை செய்வதையும் தவிர்க்க வேண்டும். ஆறு வாரத்தில் மறுபரிசோதனை." நோய், மருந்து இரண்டின் பெயரும் இதில் இல்லாததைக் கவனியுங்கள். வேலையில் எது முடியாது, எவ்வளவு நேரம், எத்தனை நாள் என்ற மூன்றும்தான் அலுவலகம் முடிவெடுக்கத் தேவையானவை. உங்கள் கோரிக்கையும் அதே அளவு துல்லியமாக இருக்க வேண்டும்: ஆறு வாரத்துக்குப் பிற்பகல் ஷிப்ட், அல்லது காலையின் முதல் மூன்று மணி நேரம் தரச் சோதனை அல்லது பொருள் கணக்கெடுப்பு. "இலகுவான வேலை தாருங்கள்" என்று கேட்டால் "அப்படி ஒன்றும் இல்லை" என்ற பதில் எளிதாக வந்துவிடும்.

ஒன்றை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. காரணத்தைக் கேட்டு அவர்கள் மேலும் போகலாம். வலிப்பு என்று தெரிந்தால், அழுத்தும் இயந்திரத்தில் நீங்கள் நிற்கலாமா என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கான விடை "வலிப்புக்காரருக்கு இயந்திரம் கிடையாது" என்ற பொது விதியாக இருக்க முடியாது. கடைசியாக வலிப்பு வந்தது எப்போது, மருந்து எவ்வளவு கட்டுப்படுத்துகிறது, இயந்திரத்தில் என்ன காப்பு இருக்கிறது என்று உங்களைத் தனியாக ஆராய்ந்த மருத்துவ மதிப்பீடாக இருக்க வேண்டும். மதிப்பீடு பாதகமாக வந்தாலும், அடுத்த கேள்வி வேறு இடம் இருக்கிறதா என்பதுதான்.

வேலையை விட்டு அனுப்ப முடியுமா என்றால், விசாரணை இல்லாமல், உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்காமல் கூடாது என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டின் 158ஆம் உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு. நோயால் ஏற்படும் தற்காலிக வராமை பணிநீக்கத்துக்குத் தகுந்த காரணமாகாது என்பது அதன் 6ஆம் பிரிவு. அந்த உடன்படிக்கையை ஏற்காத நாடுகள் பல உண்டு. ஆனால் விசாரணை இல்லாத தண்டனை செல்லாது என்ற கருத்து, அதை ஏற்காத நாடுகளின் நீதிமன்றங்களிலும் புழக்கத்தில் இருக்கிறது.

கேள்வி: ஒரு வருடமாக மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துவருகிறேன். இரவு எடுக்கும் மாத்திரையால் காலையில் எழுவது கடினம். ஒரு மணி நேரம் தாமதமாக வர அனுமதி கேட்டேன். எச்.ஆர். அதிகாரி மருந்துச் சீட்டையும் நோயின் பெயரையும் கேட்கிறார். "எங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது" என்கிறார். என் மேலாளர் குழுவின் வாட்ஸ்அப்பில் "உடல்நிலை காரணமாக இவர் தாமதமாக வருவார், மாத்திரை சாப்பிடுகிறார்" என்று போட்டுவிட்டார். நான் பெண் என்பதால் இது வேறு விதமாகப் பேசப்படுகிறது.

பதில்: எச்.ஆர். அதிகாரியின் கேள்வியையும் மேலாளரின் செய்தியையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். தாமதமாக வர அனுமதி கேட்டால், அதற்கு மருத்துவக் காரணம் உண்டு என்பதற்குச் சான்று கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கிறது. அந்த உரிமை, கேட்ட மாற்றம் தேவையா என்று அறிந்துகொள்ளும் அளவோடு நின்றுவிட வேண்டும். முழு மருந்துச் சீட்டு அந்த அளவைத் தாண்டியது. அதில் நீங்கள் கேட்ட ஒரு மணி நேரத்துக்குச் சம்பந்தமில்லாத மருந்துகளும் இருக்கலாம். அமெரிக்கச் சட்டத்தில், பணியில் இருப்பவரிடம் கேட்கப்படும் மருத்துவக் கேள்வி அவருடைய வேலையோடு தொடர்புடையதாகவும் நிறுவனத்தின் உண்மையான தேவையாகவும் இருக்க வேண்டும். கிடைத்த தகவலைப் பணிக் கோப்பில் சேர்க்காமல் தனிக் கோப்பில் இரகசியமாக வைக்க வேண்டும். எனவே எழுத்தில் இப்படிப் பதில் சொல்லுங்கள்: "காலை பத்து மணிக்கு முன் பணி தொடங்க இயலாமைக்கான மருத்துவச் சான்று இணைக்கப்பட்டுள்ளது. இதற்கு மேல் எந்தத் தகவல், எந்த முடிவுக்காகத் தேவைப்படுகிறது என்று எழுத்தில் தெரிவித்தால், என் மருத்துவரைக் கலந்து பதில் தருகிறேன்." எந்த முடிவுக்காக என்று எழுதச் சொன்னதுமே, அந்தக் கேள்வி திரும்ப வராமல் போன சந்தர்ப்பங்கள் எனக்குத் தெரியும்.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சான்றில் நோயின் பெயர் இல்லாவிட்டாலும், தாளின் தலைப்பில் "மனநல மருத்துவர்" என்று அச்சிட்டிருந்தால் எல்லாம் தெரிந்துவிடும். உங்களைத் தொடர்ந்து பார்க்கும் பொது மருத்துவர் இருந்தால், மனநல மருத்துவரின் குறிப்பைப் பார்த்து அவர் சான்று எழுதித் தரலாம். மனநோயை மறைக்க வேண்டியது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். எப்போது, யாரிடம் சொல்வது என்பது உங்கள் முடிவாக இருக்க வேண்டும், அச்சுத் தாளின் முடிவாக இருக்கக் கூடாது.

மேலாளரின் வாட்ஸ்அப் செய்தி தவறு. "இவர் இனிப் பத்து மணிக்கு வருவார்" என்பதோடு அவர் நிறுத்தியிருக்க வேண்டும். அந்தச் செய்தியை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி தெரியும்படி, அலுவலகக் கணினியில் வைக்காமல் உங்கள் சொந்தக் கணக்கில் பத்திரப்படுத்துங்கள். பிறகு எச்.ஆர். பிரிவுக்கு இரண்டு கோரிக்கைகள் எழுதுங்கள்: செய்தியை நீக்குவது, உங்கள் உடல்நலத் தகவல் இனி யார் யாருக்குத் தெரியலாம் என்று எழுத்தில் உறுதியளிப்பது. நீங்களும் அந்தக் குழுவில் உங்கள் மருந்தைப் பற்றியோ மருத்துவமனைக்குப் போவதைப் பற்றியோ எதுவும் போடாதீர்கள். "அவரே குழுவில் சொல்லியிருக்கிறாரே" என்ற ஒரு வரி உங்கள் புகாரைப் பாதியாக்கிவிடும். பெண் என்பதால் பேசப்படும் பேச்சு தனிப் புகார். அதை இதோடு கலக்காமல், யார், எப்போது, என்ன சொன்னார் என்று தனியாகக் குறித்துவையுங்கள்.

புதிய வேலைக்கு முயல்வதாகவும் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். பிரிட்டன் சட்டத்தின் 60ஆம் பிரிவு, வேலை தருவதாகச் சொல்வதற்கு முன் உடல்நலம் பற்றிக் கேட்பதைச் சில விலக்குகளோடு தடுக்கிறது. அப்படிச் சட்டம் இல்லாத இடங்களிலும், நேர்காணலில் மருந்தைப் பற்றி நீங்களாகத் தொடங்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் கையெழுத்திடும் படிவத்தில் நேரடிக் கேள்வி இருந்தால் பொய் எழுதாதீர்கள். பின்னால் அந்தப் பொய்தான் காரணமாகக் காட்டப்படும்.

கேள்வி: வாடிக்கையாளர்களிடம் தொலைபேசியில் பேசும் வேலை. இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் தொடங்கியதிலிருந்து விடாத வறட்டு இருமல். அழைப்புகளின் மதிப்பெண் குறைந்து ஊக்கத்தொகை போய்விட்டது. பக்கத்து இருக்கைக்காரர்கள் தொற்று என்று சொல்லி என்னை மூலைக்கு மாற்றச் சொல்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம், முதலில் மருத்துவரிடம் போங்கள். எனலாப்ரில் இருக்கும் மருந்து வகையின் நன்கறியப்பட்ட பக்கவிளைவு அந்த வறட்டு இருமல். லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற வேறு வகை மருந்துகளில் இது அரிது. மாற்றலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். மருந்தை மாற்றினாலும் இருமல் அடங்கச் சில வாரம் ஆகலாம். அதுவரை மின்னஞ்சல் அல்லது எழுத்து உரையாடல் வழியாகப் பதிலளிக்கும் பணியைக் கேளுங்கள்; அந்த வாரங்களின் மதிப்பெண்ணை ஊக்கத்தொகைக் கணக்கிலிருந்து விலக்கவும் கோருங்கள். "இந்த இருமல் மருந்தினால் வருவது, தொற்றாது" என்று மருத்துவரிடம் ஒரு வரி எழுதி வாங்கினால் மூலைப் பேச்சு நின்றுவிடும். எல்லாச் சிக்கலுக்கும் சட்டம் முதல் கதவல்ல.

கேள்வி: கனரக வாகன ஓட்டுநர். முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின் டாக்டர் கோடீன் கலந்த வலி மாத்திரை தந்தார். நிறுவனம் திடீரென எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் மார்ஃபின் இருப்பதாக வந்து, போதைப் பழக்கம் என்று என்னைத் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்துவிட்டார்கள். நான் மார்ஃபினைத் தொட்டதே இல்லை.

பதில்: நீங்கள் சொல்வதும் உண்மை, பரிசோதனை சொல்வதும் உண்மையாக இருக்கலாம். கோடீனின் ஒரு பகுதியை உடலே மார்ஃபினாக மாற்றுகிறது. முதல் கட்டப் பரிசோதனை பெரும்பாலும் ஒரே குடும்பத்து மருந்துகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டாது. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற, மூலக்கூறுகளை எடையால் அடையாளம் காணும் முறையில் செய்யும் உறுதிப்படுத்தும் பரிசோதனை அதைக் காட்டும். அது செய்யப்பட்டதா என்று கேளுங்கள். செய்யப்படவில்லை என்றால் அதே மாதிரியில் செய்யக் கோருங்கள். மருந்துச் சீட்டு, வாங்கிய ரசீது, அறுவை சிகிச்சைக் குறிப்பு மூன்றையும் பரிசோதனை முடிவை ஆராயும் மருத்துவரிடம் நேரடியாகக் கொடுங்கள். டிப்போ மேலாளரிடம் கொடுத்தால் அது அவருடைய மேசையிலேயே தங்கிவிடக்கூடும்.

மருத்துவர் பரிந்துரைத்த, கோடீன், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்தை முறைப்படி எடுப்பவரை அந்தக் காரணத்துக்காக மட்டும் தானாகவே தகுதியற்றவர் என்று ஒதுக்கக் கூடாது என்று அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2020இல் வெளியிட்ட விளக்கம் கூறுகிறது. பிற சட்டம் எதுவும் தடுத்தால் அது வேறு என்றும் அதிலேயே இருக்கிறது. ஓட்டுநர்களுக்கு அந்தப் பிற சட்டம் பெரும்பாலும் இருக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதி, மார்ஃபின், டயசெபாம் உள்ளிட்ட மருந்துகளுக்கு இரத்தத்தில் ஓர் அளவை வகுத்திருக்கிறது. மருத்துவர் சொன்னபடி மருந்தை எடுத்தவருக்கு அதில் ஒரு தற்காப்பு உண்டு. ஆனால் மருந்தால் ஓட்டும் திறன் பாதிக்கப்பட்டிருந்தால் எந்தச் சீட்டும் காப்பாற்றாது.

ஆகவே உங்கள் வாதத்தை இரண்டாகப் பிரித்து வையுங்கள். போதைப் பழக்கம் என்ற குற்றச்சாட்டு நீக்கப்பட வேண்டும். அதில் விட்டுக்கொடுக்காதீர்கள், அந்தச் சொல் அடுத்த வேலைக்கும் கூடவே வரும். ஆனால் மருந்து எடுக்கும் நாட்களில் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் உரிமையைக் கேட்காதீர்கள். அந்த நாட்களுக்கு வாகனம் ஓட்டாத வேலையையோ மருத்துவ விடுப்பையோ கேளுங்கள். அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிய அன்றே "இந்த மாத்திரையோடு ஓட்டலாமா?" என்று மருத்துவரிடம் எழுத்தில் பதில் வாங்கி நிறுவனத்துக்குத் தந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது என்பதையும், உங்கள் மனம் நோகாது என்ற நம்பிக்கையில், சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: நான் முதலாளி. ஒன்பது பேர் வேலை செய்யும் சிறிய குளிர்பதனக் கிடங்கு. ஒரு பெண் ஊழியர் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கிறார். ஆக்சாலிப்ளாட்டின் ஏற்றிய பின் குளிர்ந்த பொருளைத் தொட்டால் விரல்களில் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறதாம். அவரைக் குளிர் அறைக்கு வெளியே கணக்கில் உட்கார வைத்தேன். மற்றவர்கள் "எங்களுக்கு மட்டும் குளிரா?" என்கிறார்கள். இன்னும் எத்தனை நாள் நான் இதைச் செய்ய வேண்டும்? சட்டம் என்னைப் போன்ற சிறிய இடத்துக்கும் பொருந்துமா?

பதில்: முதலாளியிடமிருந்து இப்படி ஒரு கடிதம் வருவது அரிது, அதற்காகவே விரிவாகச் சொல்கிறேன். அவர் சொல்வது மிகை அல்ல. ஆக்சாலிப்ளாட்டின் நரம்புகளைப் பாதிக்கும். குளிர் பட்டதும் விரலிலும் தொண்டையிலும் கூசலும் வலியும் வருவது அந்த மருந்துக்கே உரிய விளைவு. பெரும்பாலும் ஒவ்வொரு முறை மருந்து ஏற்றிய பின் வரும் நாட்களில் அது கடுமையாக இருந்து பிறகு குறையும். சிகிச்சை நீள நீள, குளிர் இல்லாமலேயே மரத்துப்போவதும் நேரலாம். கையுறை மட்டும் தீர்வாகாது. விரலில் உணர்ச்சி குறைந்தவர் கனமான பெட்டியைத் தூக்கினால் பிடி நழுவும் என்பதும் உங்கள் கணக்கில் இருக்கட்டும்.

சட்டம் பொருந்துமா என்பது உங்கள் நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டம் 15 ஊழியர்களிலிருந்து தொடங்குகிறது. பிரிட்டனில் ஆள் எண்ணிக்கை வரம்பு இல்லை, புற்றுநோயும் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே குறைபாடாகக் கருதப்படும். எங்கே இருந்தாலும் அளவுகோல் ஒன்றுதான்: கேட்கப்படும் மாற்றம் உங்கள் தொழிலின் அளவுக்குத் தாங்க முடியாத சுமையா? கணக்கு எழுதும் நாற்காலி ஏற்கெனவே இருக்கிறது, அந்த வேலையும் நடந்தாக வேண்டியது என்றால், சுமை என்று வாதாடுவது கடினம். அவருக்காக இல்லாத வேலை ஒன்றை உருவாக்கவோ, வேலையின் அடிப்படைப் பகுதியை நிரந்தரமாக நீக்கவோ, எல்லோருக்கும் உள்ள உற்பத்தி அளவை அவருக்கு மட்டும் கைவிடவோ சட்டம் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு, சிகிச்சை அட்டவணையை வைத்து இருவருமாக ஒரு மறுபார்வைத் தேதியைக் குறியுங்கள். தேதி இல்லாத ஏற்பாடு உங்களுக்குச் சலிப்பையும் அவருக்கு அச்சத்தையும் தரும். தேதி இருந்தால் அன்று வரை யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மற்றவர்களிடம் "பணி ஒதுக்கீட்டை நான் முடிவு செய்திருக்கிறேன், உங்களில் யாருக்குத் தேவை வந்தாலும் இப்படித்தான் பார்ப்பேன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அவருடைய நோயைச் சொல்லி அவர்கள் வாயை அடைக்க உங்களுக்கு உரிமை இல்லை, அவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தாலும் கூட. அன்றாடம் "மாத்திரை போட்டாயா, இன்றைக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்பதையும், "வேறு மருந்து கேட்டுப் பாரேன்" என்று சொல்வதையும் விட்டுவிடுங்கள். நல்லெண்ணத்தில் கேட்பீர்கள்; ஆனால் மருந்தைத் தேர்வு செய்வது மருத்துவரும் அவரும் பேசி முடிக்கும் விஷயம்.

கேள்வி: ஸ்டீராய்டு மாத்திரையால் தூக்கம் இல்லாமல், எரிச்சலில் ஒரு நாள் மேலதிகாரியிடம் குரல் உயர்த்திவிட்டேன். மறுநாள் "பணிநீக்கம் என்றால் உங்கள் எதிர்காலம் கெடும், நீங்களே ராஜினாமா செய்யுங்கள்" என்று அறையில் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நான்கு மாதம் ஆகிறது. இனி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியலாம், ஆனால் நாட்கள் உங்களுக்கு எதிராக ஓடுகின்றன. கட்டாயத்தில் எழுதிய ராஜினாமாவைப் பணிநீக்கமாகவே கருதலாம் என்பது பல நாட்டு நீதிமன்றங்கள் ஏற்ற நிலை. கட்டாயம் என்பதை மெய்ப்பிக்கும் சுமைதான் உங்களுடையது. காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும்; அமெரிக்காவில் பாகுபாட்டுப் புகாருக்கு 180 நாள், மாநிலச் சட்டமும் பொருந்தும் இடங்களில் 300 நாள். நான்கு மாதம் என்றால் ஏறக்குறைய 120 நாள் போய்விட்டது.

குரல் உயர்த்தியதை மருந்து முழுவதுமாக மன்னித்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எல்லோருக்கும் ஒன்றாகப் பொருந்தும் நடத்தை விதியை மீறினால், காரணம் மருந்தாக இருந்தாலும் நடவடிக்கை எடுக்கலாம் என்றே சட்டங்கள் பெரும்பாலும் சாய்கின்றன. ஆனால் அதே தவறுக்கு மற்றவர்களுக்கு எச்சரிக்கை மட்டுமே கிடைத்து உங்களுக்கு மட்டும் வேலை போயிருந்தால் நிலைமை வேறு. ஸ்டீராய்டால் தூக்கம் கெடுவதும் மனநிலை மாறுவதும் மருத்துவ நூல்களில் உள்ளவைதான். அந்த வாரத்தில் மருத்துவரிடம் தூக்கமின்மையைச் சொல்லியிருந்தால் அவருடைய பதிவேட்டில் தேதியோடு இருக்கும். அந்தப் பதிவின் நகலை வாங்குங்கள். அன்றைக்கு அந்த அறையில் யார் யார் இருந்தார்கள், எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், எத்தனை மணிக்கு வெளியே வந்தீர்கள், ராஜினாமாத் தாள் ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்டிருந்ததா என்பதையெல்லாம் நினைவு மங்குவதற்குள் எழுதுங்கள். வெளியே வந்ததும் வீட்டுக்கோ நண்பருக்கோ அனுப்பிய செய்தி போனில் இருந்தால் அழிக்காதீர்கள். இவற்றோடு இந்த வாரத்துக்குள் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள். ராஜினாமாவை எதிர்த்து நிறுவனத்துக்கு இதுவரை ஒரு வரி கூட எழுதவில்லை என்றால், அவர் உங்களிடம் முதலில் எழுதி வாங்கப்போவது அந்தக் கடிதத்தைத்தான்.